ஓராண்டுத் தலைவரும் நூறாண்டு நிதியும்
ரோட்டரி அறக்கட்டளையில் ஆண்டு இலக்கு வேரூன்றிய வரலாறு

ரோட்டரி சங்கங்களின் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் தொடங்கி, அடுத்த ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் முடிகிறது. சங்கத்தின் தலைவர், பல சங்கங்களை உள்ளடக்கிய மாவட்டத்தின் ஆளுநர், உலக அமைப்பின் தலைவர் ஆகிய மூவருமே இந்த ஓராண்டுக்கு மட்டும் பதவி வகிப்பர் என்பதும், ஜூன் முடிந்ததும் அவரவர் நாற்காலியில் வேறொருவர் அமர்ந்துவிடுவார் என்பதும் அவ்வமைப்பின் அசையாத மரபு. பொறுப்பேற்கவிருக்கும் சங்கத் தலைவர், பதவியேற்பு விழாவுக்குச் சில மாதங்கள் முன்பாகவே, வரும் ஆண்டில் எத்தனை புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பார், என்னென்ன பணிகளை எடுத்துச் செய்வார் என்பவற்றோடு, தம் சங்கம் ரோட்டரி அறக்கட்டளைக்கு எத்தனை டாலர் வழங்கும் என்பதையும் இலக்காகக் குறித்துக் கொடுப்பது இன்று உலகம் முழுவதும் வழக்கமாகிவிட்டது. சங்கங்கள் எழுதித் தரும் தொகைகள் மாவட்ட இலக்காகவும், மாவட்டங்களின் தொகைகள் அறக்கட்டளையின் ஆண்டு இலக்காகவும் திரள்கின்றன. இவ்வழக்கம் ரோட்டரியோடு கூடவே பிறந்ததாகத்தான் பல உறுப்பினர்கள் எண்ணுகின்றனர். வரலாறோ வேறு விதமாகச் சொல்கிறது.

1905 பிப்ரவரி 23-இல் சிகாகோ நகரில் வழக்கறிஞர் பால் ஹாரிஸ், நிலக்கரி வணிகர் சில்வெஸ்டர் ஷீல், சுரங்கப் பொறியாளர் கஸ்டவஸ் லோயர், தையற்கலைஞர் ஹிராம் ஷோரி ஆகிய நால்வர் கூடித் தொடங்கிய சங்கத்திற்கு நிதி என்ற ஒன்று தேவைப்படவில்லை. உறுப்பினர்களின் அலுவலகங்களில் மாறி மாறிச் சுழன்று கூடியதால் சுழற்சியைக் குறிக்கும் பெயர் அதற்கு வாய்த்தது; தொடக்கத்தில் அது தொழில் புரிவோரின் நட்புக் கூட்டமாக மட்டுமே இருந்தது. சிகாகோ நகர மன்றக் கட்டடத்தின் அருகே பொதுக் கழிப்பிடம் அமைக்கச் செய்ததே அச்சங்கத்தின் முதல் பொதுப்பணி எனக் குறிக்கப்படுகிறது. அப்பணி கோரியது நன்கொடையை விட அதிகமாக நச்சரிப்பைத்தான் என்று சொன்னால் மிகையாகாது.

நிதி பற்றிய எண்ணம் வந்தது சிகாகோவிலிருந்து அன்று, கிளீவ்லாந்திலிருந்து. அந்நகரில் ஒரு மர வாணிபக் கிடங்கில் அலுவலகப் பையனாகச் சேர்ந்து, பின்னாளில் அந்நிறுவனத்தையே சொந்தமாக்கிக்கொண்டவரும், நகரின் சிம்பொனி இசைக்குழுவில் பல ஆண்டுகள் புல்லாங்குழல் வாசித்தவருமான ஆர்ச் க்ளம்ஃப் 1911-இல் உறுப்பினரானார். தம் சங்கம் ஒவ்வோராண்டும் வரவைச் செலவழித்துத் தீர்த்துவிடாமல், பிற்காலத்து நற்பணிகளுக்கென ஓர் இருப்பை உருவாக்க வேண்டும் என்று அவர் 1913 வாக்கிலேயே வற்புறுத்தினார். 1916–17-இல் உலக அமைப்பின் தலைவரான அவர், 1917 ஜூனில் அட்லாண்டாவில் கூடிய மாநாட்டில் அதே எண்ணத்தைப் பெரிய அளவில் முன்வைத்தார்: உலகில் நன்மை செய்வதற்கென ஒரு நிலைநிதி வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. நிலைநிதி என்பது முதலைத் தொடாமல் அதன் வருவாயை மட்டும் செலவிடும் நிதியாகும். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நொந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகளை விட்டு, அவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் எனக் குறித்து, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கச் செய்த ஏற்பாட்டை அறிந்த தமிழ் வாசகருக்கு இக்கருத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை. ஆடு குறையக் கூடாது, விளக்கும் அணையக் கூடாது என்பதே அங்கும் நிபந்தனை.

க்ளம்ஃப் எவ்வளவு தொகை, எத்தனை ஆண்டுக்குள், யாரிடமிருந்து என்று வரையறுக்கவில்லை என்பது இங்கே கவனத்திற்குரியது. அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கி இரண்டு மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. மாநாடு யோசனையைக் கைதட்டி வரவேற்றுவிட்டு அடுத்த பொருளுக்குச் சென்றது என்று கொள்ளத்தான் பின்னர் நிகழ்ந்தவை இடம் தருகின்றன. முதல் நன்கொடை அடுத்த ஆண்டு வந்தது. மிசூரி மாநிலத்துக் கான்சாஸ் சிட்டி சங்கம், தன் ஊரில் நடந்த மாநாட்டின் செலவு போக எஞ்சிய 26 டாலர் 50 செண்டை இந்நிதிக்கு அனுப்பியது. யாரும் கேட்டுப் பெற்ற தொகை அன்று அது. கணக்கு முடித்தபோது கையில் மிஞ்சியது. ஆறு ஆண்டுகள் கழித்தும் நிதி ஏறத்தாழ 700 டாலரைத்தான் எட்டியிருந்தது. 1928-இல் மினியாபொலிஸ் மாநாடு அதற்கு ரோட்டரி அறக்கட்டளை என்று பெயர் சூட்டி, ஐந்து அறங்காவலர்களை நியமித்து, க்ளம்ஃபையே முதல் தலைவராக்கியபோது, இருப்பு 5,000 டாலரைச் சற்றே தாண்டியிருந்தது.

உலகம் சுற்றி வந்து ஆசிய நகரங்களில் சங்கங்களை நிறுவிய கனடா நாட்டு ஜேம்ஸ் டேவிட்சனின் பயணத்தில், 1929-இல் சென்னையிலும் கொழும்பிலும் ரோட்டரி சங்கங்கள் உருவாயின. சென்னை வணிகரும் அலுவலரும் உறுப்பினர் பட்டியலில் பெயர் எழுதிக்கொண்ட காலத்தில், இன்று அவர்களின் வாரிசுகளிடம் ஆண்டுதோறும் இலக்குக் கேட்கும் அறக்கட்டளைக்குப் பெயர் வைத்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அறக்கட்டளையின் முதல் மானியம் 1930-இல் வழங்கப்பட்டது. ஒஹையோ மாநிலத்து ரோட்டரி உறுப்பினர் எட்கர் ஆலன் நிறுவிய, உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்கான அனைத்துலகச் சங்கத்திற்கு 500 டாலர் சென்றது.

பெரிய இலக்கு என்று சொல்லத்தக்கது 1937-இல்தான் வந்தது: 20 லட்சம் டாலர். சில ஆயிரங்களிலிருந்து இலட்சங்களுக்குத் தாவிய அந்தத் துணிவைப் பாராட்டலாம். ஆனால் இரண்டாம் உலகப் போர் குறுக்கிட, அம்முயற்சி கைவிடப்பட்டது. போர் வராதிருந்தாலும் அந்த இலக்கு நிறைவேறியிருக்குமா என்பது ஐயமே. தொகை தலைமையகத்தில் அறிவிக்கப்பட்டதே ஒழிய, அதில் இன்ன சங்கத்தின் பங்கு இவ்வளவு என்ற பிரிப்பும், அதற்குப் பொறுப்பேற்கும் ஆளும் இல்லாத ஏற்பாட்டில், எல்லோருக்கும் உரிய இலக்கு எவருக்கும் உரியதாக இருப்பதில்லை.

நிதியைப் பெருகச் செய்தது ஒரு மரணம். பால் ஹாரிஸ் 1947 ஜனவரி 27-இல் காலமானார். தமக்கு அஞ்சலியாக மலர்கள் வேண்டாம், அறக்கட்டளைக்கு நன்கொடை அளித்தால் போதும் என்பது அவருடைய விருப்பமாக இருந்தது. பத்தாண்டுக்கு முன் இலக்கு வைத்துக் கேட்டும் வராத பணம், இப்போது கேளாமலே வந்து குவிந்தது. ஓரிரு ஆண்டுகளில் 10 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அதைக் கொண்டு 1947–48-இல் ஏழு நாடுகளைச் சேர்ந்த பதினெட்டு மாணவர்கள் வெளிநாடுகளில் உயர்கல்வி பெற உதவித்தொகை வழங்கப்பட்டது. நன்கொடை தருவோர் ஒரு பெயருக்காக, ஒரு முகத்திற்காகத் தருகின்றனர் என்ற பாடத்தை அறக்கட்டளை அப்போது கற்றுக்கொண்டது எனலாம். ஏனெனில், அடுத்த முக்கிய ஏற்பாடு அப்பாடத்தின் மேலேயே கட்டப்பட்டது.

1957-இல் ஏற்படுத்தப்பட்ட பால் ஹாரிஸ் ஃபெல்லோ என்னும் தகுதிதான் அவ்வேற்பாடு. ஆயிரம் டாலர் வழங்குபவர், அல்லது எவர் பெயரால் அத்தொகை வழங்கப்படுகிறதோ அவர், இப்பெயரால் அழைக்கப்படுவார். சான்றிதழும், பதக்கமும், சட்டை மடிப்பில் குத்திக்கொள்ளும் சிறு ஊசிச் சின்னமும் பெறுவார். மேலும் மேலும் ஆயிரங்கள் கொடுத்தால் ஊசியில் நீலக்கற்களும், பின்னர் மாணிக்கக் கற்களும் ஏறும். 10,000 டாலரைத் தொட்டவர் பெருங்கொடையாளர் வரிசையில் சேர்வார். சங்கக் கூட்டத்தில் எதிரே அமர்ந்திருப்பவரின் சட்டையைப் பார்த்தே அவர் எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்று அறிந்துவிட முடிகிற இந்த ஏற்பாட்டை எள்ளி நகையாடுவோர் உண்டு. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்ற எண்ணத்தில் வளர்ந்தவர்களுக்கு அது உறுத்தவும் செய்யும். ஆயினும் தம் ஊர்ப் பள்ளிச் சுவரிலும், கோயில் குழல்விளக்கிலும் உபயதாரர் பெயரைப் படித்துப் பழகியவர்கள் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்த ஆயிரம் டாலர் என்ற எல்லை 1957 முதல் இன்றுவரை மாற்றப்படவில்லை என்பது, இலக்குகளின் வரலாற்றில் போதிய கவனம் பெறாத ஒரு செய்தியாகும். அமெரிக்காவில் விலைவாசி ஏறிய ஏற்றத்தில், அன்றைய ஆயிரம் டாலரின் வாங்கும் திறனில் பத்தில் ஒரு பங்குகூட இன்றைய ஆயிரம் டாலருக்கு இல்லை. அதாவது ஓர் அமெரிக்க உறுப்பினருக்கு இத்தகுதி ஆண்டுக்காண்டு எளிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. இந்தியாவில் படம் வேறு. நயா பைசா புழக்கத்திற்கு வந்த அந்த 1957-இல் ஒரு டாலர் 4 ரூபாய் 76 பைசா. ஆயிரம் டாலர் என்பது 4,760 ரூபாய். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபோது அது 7,500 ரூபாயாயிற்று. இன்று 80,000 ரூபாய்க்கு மேல். டாலரில் அசையாமல் நின்ற அதே எல்லை, ரூபாயில் பதினேழு மடங்குக்கு மேல் நகர்ந்துவிட்டது. ஒவ்வொரு மாதத்திற்கும் ரோட்டரி தனியே ஒரு செலாவணி விகிதத்தை அறிவிக்கிறது. இந்தியச் சங்கங்கள் ரூபாயில் செலுத்துவதை அவ்விகிதப்படியே டாலராக்கி வரவு வைக்கிறது. ஆகவே மார்ச்சில் இலக்கு எழுதிய ஒரு சங்கப் பொருளாளர், மறு ஆண்டு ஜூனில் காசோலை எழுதும்போது, முன்பு கணக்கிட்டதைவிடச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாக எழுத நேர்வது உண்டு.

பால் ஹாரிஸ் ஃபெல்லோ தகுதி ஏற்பட்ட காலத்தை ஒட்டித்தான் அறக்கட்டளையின் வரவும் சீரானது. ஓராண்டில் 5 லட்சம் டாலர் என்ற அளவை அறக்கட்டளை முதன்முதலாக 1954-இல் எட்டியது; 10 லட்சத்தை 1965-இல் எட்டியது. அதை அடுத்து, தொழில் துறையினர் குழுவாக வேறு நாட்டுக்குச் சென்று பயிலும் திட்டமும், இரு நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து செய்யும் பணிக்கு ஈடுமானியம் தரும் திட்டமும் தோன்றின. ஆண்டுதோறும் செலவு உறுதியான பிறகு, ஆண்டுதோறும் வரவும் உறுதியாக வேண்டியதாயிற்று. க்ளம்ஃப் கேட்டது என்றைக்குமான நிதி. உருவாகி வந்ததோ, இந்த ஆண்டு திரட்டி அணித்தான ஆண்டுகளில் செலவிடும் நிதி. இந்த மாற்றத்தை எந்த மாநாடும் தீர்மானமாக நிறைவேற்றவில்லை. திட்டங்கள் பெருகப் பெருக அது தானாக நிகழ்ந்தது.

இலக்கு வைத்துத் திரட்டும் கலையை ரோட்டரிக்குக் கற்றுத் தந்தது போலியோ. 1979 செப்டம்பர் 29-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் தொடங்கிய சொட்டு மருந்துத் திட்டத்திற்கு அறக்கட்டளை 7,60,000 டாலர் ஒதுக்கியது. 60 லட்சம் குழந்தைகளுக்கு மருந்து அளிப்பது அதன் நோக்கம். அதன் வெற்றியில் ஊக்கம் பெற்ற ரோட்டரி, 1985-இல் போலியோ பிளஸ் என்ற இயக்கத்தைத் தொடங்கி, 12 கோடி டாலர் திரட்டுவதாக அறிவித்தது. அமைப்பின் நூற்றாண்டான 2005-க்குள் உலகில் போலியோவே இல்லாமற் செய்வது அதன் கனவு. 1937-இன் தவறு இம்முறை நிகழவில்லை. தொகை மாவட்டங்களுக்கும் சங்கங்களுக்கும் பிரித்துத் தரப்பட்டது. அதற்கென்றே பொறுப்பாளர்கள் நியமிக்கப்பட்டனர். கொடுப்பதாகச் சொன்னதும் கொடுத்து முடித்ததும் தனித்தனியே கணக்கிடப்பட்டன. 1988-இல் ஃபிலடெல்ஃபியா மாநாட்டில் அறிவிக்கப்பட்ட தொகை 21.9 கோடி டாலர். எல்லாம் வந்து சேர்ந்தபோது 24.7 கோடி. கேட்டதைப் போல் இரு மடங்கு.

அதே 1988-இல் உலக சுகாதார மன்றம் போலியோ ஒழிப்பை உலகக் குறிக்கோளாக ஏற்றது. அப்போது 125 நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,50,000 குழந்தைகளை அந்நோய் தாக்கிக்கொண்டிருந்தது. பணத்திற்கு வைத்த இலக்கு இரட்டிப்பாக நிறைவேறியது. நோயை ஒழிக்க வைத்த கெடுவோ பலமுறை தவறியது. 2005 கடந்தது. இந்தியாவில் கடைசியாகப் போலியோ கண்டறியப்பட்டது 2011 ஜனவரி 13-இல், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதெனச் சான்று பெற்றது 2014 மார்ச் 27-இல். இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், சொட்டு மருந்து நாள்களில் வடக்கே துப்பாக்கிகள் ஓய்ந்திருக்க யுனிசெஃப் வழியாகப் பேச்சு நடத்திய குழுவுக்குக் கொழும்பு ரோட்டரி உறுப்பினர் கே. ஆர். ரவீந்திரன் தலைமை வகித்தார். அவரே 2015–16-இல் உலகத் தலைவராகவும், பின்னர் அறக்கட்டளையின் தலைவராகவும் ஆனார். ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் இயற்கைப் போலியோ வைரஸ் இன்னும் பரவுகிறது. கையில் இருப்பதை எண்ணிச் சொல்லும் இலக்கும், உலகத்தின் போக்கைச் சார்ந்த இலக்கும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதே இங்குக் குழப்பம்.

போலியோவுக்கான இலக்கு அதன் பின் நிரந்தரமாகிவிட்டது. 2007-இல் கேட்ஸ் அறக்கட்டளை 10 கோடி டாலரும், 2009 தொடக்கத்தில் மேலும் 25.5 கோடி டாலரும் அளித்து, ஈடாக ரோட்டரி 2012 ஜூன் 30-க்குள் 20 கோடி திரட்ட வேண்டும் என்று கேட்டது; அது ஐந்து மாதம் முன்னதாக, அவ்வாண்டு ஜனவரியிலேயே நிறைவேறியது. 2013 முதல் ரோட்டரி தரும் ஒவ்வொரு டாலருக்கும் கேட்ஸ் அறக்கட்டளை இரண்டு டாலர் சேர்ப்பதென ஏற்பாடாயிற்று. அதற்கு ஆண்டுக்கு 3.5 கோடி என்றிருந்த எல்லை 2017-இல் 5 கோடியாக உயர்ந்தது. ஒன்று போட்டால் மூன்றாகும் என்ற இந்தக் கணக்கு, சங்கத் தலைவர்களின் இலக்குத் தாளில் போலியோவுக்கெனத் தனி வரியை நிலைக்கச் செய்தது.

போலியோவுக்கெனத் தருவது போக, சங்கங்கள் ஆண்டுதோறும் பொதுவாக வழங்குவது சேரும் ஆண்டு நிதியின் இயக்கத்தை அறியாமல், தலைவர்கள் எழுதும் இலக்குகளின் பொருள் விளங்காது. ஒரு சங்கம் பகிர்வு முறையில் ஆண்டு நிதிக்கு 2,000 டாலர் தருவதாகக் கொள்வோம். அத்தொகை உடனே செலவிடப்படுவதில்லை. மூன்றாண்டுகள் முதலீட்டில் வைக்கப்பட்டு, அதன் வருவாய் நிர்வாகச் செலவுகளுக்குப் பயன்படுகிறது. மூன்றாண்டுக்குப் பின், இன்றைய கணக்குப்படி, 100 டாலர் நிர்வாகத்திற்கு ஒதுக்கப்பட, 950 டாலர் அந்த மாவட்டமே திட்டங்களைத் தேர்ந்து செலவிடும் நிதிக்கும், எஞ்சிய 950 டாலர் உலக நிதிக்கும் செல்கின்றன. அதாவது 2021–22-இல் ஒரு தலைவர் முயன்று திரட்டிய பணத்தைக் கொண்டு, கிராமத்துப் பள்ளிக்குக் கழிப்பறையோ, அரசு மருத்துவமனைக்கு டயாலிசிஸ் கருவியோ வாங்கிக் கொடுப்பவர் 2024–25-இன் தலைவர். அவர் கையால் திறப்பு விழா நடக்கும். அவர் பெயர் கல்லில் பொறிக்கப்படும். இலக்கு வைத்தவர் அந்நாளில் முன்னாள் தலைவர்கள் வரிசையில் எங்கோ அமர்ந்து கைதட்டுவார். ஓராண்டே ஆளும் தலைவர்களைக் கொண்ட ஓர் அமைப்பில், இன்றைய தலைவரின் உழைப்பை மூன்றாண்டுக்குப் பிந்தைய தலைவரின் தேவையோடு பிணைத்த இந்த ஏற்பாடு, க்ளம்ஃபின் பழைய எண்ணத்திற்கு மிக அருகில் வருவது என்பதில் ஐயமில்லை. ஆனால் இதை விளக்காமல் இலக்கை மட்டும் கேட்கும் மாவட்டங்களில், கொடுத்த பணம் எங்கே போயிற்று என்ற முணுமுணுப்பு எழுவதும் இதனால்தான்.

அமைப்பின் நூற்றாண்டை ஒட்டிய ஆண்டுகளில், ஒவ்வொரு ரோட்டரியரும் ஒவ்வோராண்டும் என்ற முழக்கம் எழுந்தது. தலைக்கு 100 டாலர் என்பது அதன் அளவுகோல். உறுப்பினர் தொகை ஏறத்தாழ 12 லட்சம் எனக் கொண்டால், இது ஆண்டுக்கு 12 கோடி டாலர். ஒவ்வோர் உறுப்பினரும் குறைந்தது 25 டாலராவது கொடுத்து, சராசரியும் 100 டாலரைத் தொடும் சங்கத்திற்கு அதற்கான பதாகை வழங்கப்படுகிறது. இரு நிபந்தனைகளையும் ஒருங்கே வைத்ததில் நுட்பம் இருக்கிறது. சராசரி ஒன்றையே கேட்டிருந்தால், ஒரு செல்வந்தர் நாற்பது பேருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இலக்கு நிறைவேறும், சங்கம் தூங்கும். நடைமுறையில் அப்படியும் நடக்காமல் இல்லை. எட்டக்கூடிய சிறு எண்ணை எழுதி வைத்து, ஆண்டு முடிவில் அதை மிஞ்சிவிட்டதாகக் கைகுலுக்கிக்கொள்ளும் சங்கங்களும் உண்டு. ஆளுநர் கேட்டாரே என்று பெரிய எண்ணை எழுதிவிட்டு ஜூன் மாதக் கடைசி வாரத்தில் தொலைபேசியும் கையுமாக அலையும் தலைவர்களும் உண்டு. முன்பு தாளில் நிரப்பி ஆளுநரிடம் கொடுத்த இலக்குகளை 2012 முதல் இணையத்தில் பதிவு செய்யும் முறை வந்தது; அதன் பிறகு ஒரு சங்கம் எழுதியதையும் கொடுத்ததையும் மாவட்டத் தலைமை பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க முடிகிறது. மழுப்பல் குறைந்ததற்கு மனமாற்றத்தைவிட இந்த வசதியே பெரிதும் காரணம்.

அறக்கட்டளையின் நூற்றாண்டு 2016–17-இல் வந்தது. அவ்வாண்டு அதன் தலைவர் குஜராத்தின் வாப்பி நகரைச் சேர்ந்த கல்யாண் பானர்ஜி. இலக்கு 30 கோடி டாலர். அது நிறைவேறியது, நூற்றாண்டு மாநாடும் க்ளம்ஃப் முதன்முதலில் பேசிய அட்லாண்டாவிலேயே நடந்தது. சில ஆண்டுகளில் ஆண்டு இலக்கு 40 கோடியைக் கடந்தது. அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியா கூடுதலாக வழங்கும் நாடாக அண்மை ஆண்டுகளில் உயர்ந்திருக்கிறது.

எனினும் முதலில் கேட்கப்பட்ட நிலைநிதிக்குக் கெடுவோடு கூடிய பெரிய இலக்கு கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. உறுதிமொழிகளையும் உயில்களில் எழுதிவைக்கும் தொகைகளையும் சேர்த்து 2025-க்குள் 202.5 கோடி டாலர் என்று அது வரையறுக்கப்பட்டது. ஆகவே இன்று ஒரு தலைவர் ஜூலைக்கு முன் நிரப்பும் பக்கத்தில் ஆண்டு நிதி, போலியோ, நிலைநிதி என மூன்று வகைக் கொடைகள் இடம்பெறுகின்றன. 1917-இல் அட்லாண்டாவில் கேட்கப்பட்டது அவற்றில் மூன்றாவது மட்டுமே. பெரும்பாலான சங்கங்கள் எதுவும் எழுதாமல் விட்டுவிடுவதும் அதைத்தான்.